தொட்டால் மறையும் தேதி

வெளியீட்டு நடைமுறைக் கையேடு, பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று: "செயலியின் நிறமோ எழுத்தோ மாற்றப்பட்டால், அந்தச் செயலி கைபேசியிடம் கேட்டு வாங்கிக் காட்டும் திரைகள் அனைத்தையும் வெளிச்சப் பின்னணி, இருள் பின்னணி ஆகிய இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே தரப் பிரிவின் தலைவர் கையெழுத்திட வேண்டும்."

இந்த விதியை எழுதியவன் நான். தரப் பிரிவின் தலைவரும் நான். மீறியவனும் நானே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரை முடிவில் நான் பெரிய நியாயவானாகத் தெரிந்தால், இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் செயலி செய்யும் நாலைந்து அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூடி நடத்தும் மடலுக்கு எழுதச் சொன்னீர்கள். "ஊக்கமா இருக்கட்டும் சார்" என்றும் சொன்னீர்கள். ஊக்கம் என் கைவசம் இல்லை. நடந்த ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரியை வெட்டத் தோன்றினால் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

தொழில் தெரியாமல் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு செயலியில் நீங்கள் பார்க்கும் எல்லாத் திரைகளும் செயலி செய்தவர் வரைந்தவை அல்ல. தேதி கேட்க வேண்டும் என்றால் கைபேசியிலேயே ஒரு காலண்டர் இருக்கிறது. கூப்பிட்டால் வந்து நிற்கும், தேதியை வாங்கிக் கொடுக்கும், போய்விடும். படம் தேர்ந்தெடுப்பதற்கும் அனுமதி கேட்பதற்கும் இப்படித் தனித்தனித் திரைகள் உண்டு. அவற்றின் அமைப்பில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் செயலிக்கென்று நாம் ஒட்டுமொத்தமாக ஒரு நிறத்தைச் சொல்லிவைத்தால், அவற்றில் சில அந்த நிறத்தையே உடுத்திக்கொண்டு வரும். சொல்லிவைத்ததை நாம் மறந்துவிடுவோம். அவை மறப்பதில்லை.

நான் வேலை பார்த்த நிறுவனம், மதுரைக்கு மேற்கே ஊர் ஊராகப் பால் எடுக்கும் ஒரு தனியார் பால் நிறுவனத்துக்குச் செயலி செய்து கொடுத்திருந்தது. அவர்களுடைய களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சினை மாடுகளைப் பதிவு செய்வார்கள். சினை ஊசி போட்ட தேதியைக் கொடுத்தால், கறப்பதை நிறுத்திப் பாலை வற்ற விட வேண்டிய நாளையும் கன்று ஈனும் நாளையும் செயலி கணக்கிடும். அந்தந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கும் மாட்டு டாக்டருக்கும் செய்தி போகும். எல்லாம் அந்த ஒரு தேதியில்தான் நிற்கிறது.

ஒரு மார்கழியில் பால் நிறுவன முதலாளியின் மகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெளியூரில் படித்துவிட்டுத் திரும்பியவர். செயலி முழுவதும் பால் வெள்ளையாக வேண்டும் என்றார். வெள்ளையில் நாலைந்து வகை இருப்பதாகவும் அதில் எது பால் வெள்ளை என்றும் ஒரு மணி நேரம் விளக்கினார். எங்கள் வடிவமைப்புத் தலைவர் பிரபாகர் கெட்டிக்காரர். நாங்கள் வரைந்த பொத்தான்களுக்கெல்லாம் நீலப் பின்னணி கொடுத்து, எழுத்தை வெள்ளையாக்கினார். செயலியின் முதன்மை நிறம் வெள்ளை என்று ஒரே இடத்தில் ஒரே வரியில் எழுதிவைத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

இப்போது எங்கள் அலுவலகத்தைப் பற்றி ஒரு தகவல். அங்கே ஒருவர் போன்கூட வெளிச்சப் பின்னணியில் இல்லை. கண்ணுக்கு நல்லது என்பார்கள், பேட்டரிக்கு நல்லது என்பார்கள். உண்மையில் அது ஒரு நாகரிகம். சோதனைக்கென்று வைத்திருந்த போன்களையும் யாரோ டார்க் மோடுக்கு மாற்றியிருந்தார்கள். அதில் காலண்டரைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக 'சரி' என்ற பொத்தான் பளிச்சென்று தெரியும். நானும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். வெளிச்சப் பின்னணியில் பார்க்கவில்லை. அவசரம் இருந்தது என்று எழுதலாம். அது பொய். பார்க்க அரை நிமிடம் போதும். கீழே உள்ளவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள், நான் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

புதிய பதிப்பை முதலில் ஒரே ஒரு வட்டாரத்துக்கு மட்டும் விட்டுப் பார்ப்பது வழக்கம். அதுவும் என் கையேட்டில் உள்ளதுதான். நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே உள்ள கிராமங்களைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே களப்பணியாளராக இருந்தவர் பேச்சியம்மாள்.

சித்திரை பிறந்த வாரத்தில் பால் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மேற்கு வட்டாரத்தில் மூன்று மாதமாகப் பதிந்த எல்லா மாடுகளுக்கும், பதிவு செய்த நாளிலேயே சினை ஊசி போட்டதாகத் தேதி இருக்கிறதாம். எட்டு மாதச் சினை மாட்டுக்கும் அப்படியேதான். ஒச்சப்பன் என்பவர் வீட்டு மாட்டுக்குப் பால் வற்ற விடச் சொல்லி எந்தச் செய்தியும் போகவில்லை. கடைசி வரை கறந்திருக்கிறார்கள். டாக்டர் இல்லாமலே மாடு ஈன்றது, கன்று பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. மற்ற வட்டாரங்களில் தேதிகள் சரியாக இருக்கின்றன, இங்கே மட்டும் தவறு. ஆகவே பேச்சியம்மாள் மாட்டைப் போய்ப் பார்க்காமல் வீட்டில் இருந்தபடியே பொய்யாகப் பதிந்திருக்கிறார் என்று முடிவு செய்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கோப்பை முடிக்க எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள். செயலியில் குறை எதுவும் இல்லை என்று தரப் பிரிவின் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சான்று.

எங்கள் நிர்வாக இயக்குநர் என்னைவிட இருபது வயது இளையவர். சான்றைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒரே வரிதாண்ணே. கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

சான்று கொடுக்கும் முன் புகார்ப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பது பிரிவு ஒன்பது. அதையும் எழுதியவன் நான்தான் என்பதால், அன்றாவது படித்துப் பார்ப்போம் என்று பதிவேட்டைத் திறந்தேன். தை மாதத்திலேயே ஒரு புகார் இருந்தது. மேற்கு வட்டாரம், பேச்சியம்மாள். "தேதியைத் தொட்டால் மறைந்துவிடுகிறது. எடுத்துக்கொண்டதா என்று தெரியவில்லை." அதன் கீழே எங்கள் பிரிவின் பதில்: "எங்கள் கைபேசியில் சரியாக உள்ளது. பயனருக்குப் பயிற்சி தேவை. புகார் முடிக்கப்பட்டது."

மறுநாள் காலை நாகமலை புதுக்கோட்டை தாண்டி அவர் ஊருக்குப் போனேன். பால் சேகரிப்பு மையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பால் நிறுவனத்தின் ஆள் என்று நினைத்துக்கொண்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் பேசத் தொடங்கினார்.

"இன்னும் என்னத்தக் கேக்கப் போறீக? எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாச்சு. ஒவ்வொரு மாட்டுக் கொட்டத்துக்குள்ளயும் நானே போயி நின்னு பாத்துத்தான் பதிஞ்சேன்."

நான் யார் என்று சொன்னேன். "நீங்க பதியிறத எனக்குக் காட்டுங்கம்மா. எதையும் மாத்தாம, எப்பவும் போலச் செய்ங்க."

போனை எடுத்தார். பழைய போன், கண்ணாடியில் ஒரு கீறல். வெயிலில் தெரிவதற்காக வெளிச்சத்தை முழுவதும் ஏற்றிவைத்திருந்தார். பின்னணி வெள்ளை. காலண்டர் வந்தது. அதன் மேல்பட்டையும் வெள்ளை, கீழேயும் வெள்ளை.

"இந்தா, இருபத்திரெண்டத் தொடுறேன். போயிருச்சா? அம்புட்டுத்தான். எடுத்துக்கிருச்சு."

உண்மைதான். இருபத்திரண்டு இருந்த இடம் காலியாக இருந்தது. தேர்ந்தெடுத்த தேதியைச் சுற்றி முதன்மை நிறத்தில் ஒரு வட்டம் விழும். அதற்குள் எண் வெள்ளையாகும். முதன்மை நிறமே வெள்ளையாகிவிட்டதால் வெள்ளைத் தாளில் வெள்ளை வட்டம், அதற்குள் வெள்ளை எண்.

"எடுத்துக்கிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பின்ன எங்க போயிருக்கும்? மத்த தேதியெல்லாம் அப்படி அப்படியே நிக்கிது. நாந்தொட்டது மட்டும் காணாமப் போகுதுல்ல. அப்ப உள்ள போயிருச்சுன்னுதான அர்த்தம்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பின்னாடி போற பட்டன அமுக்குவேன். அடுத்தது எத்தனாவது ஈத்துன்னு கேக்கும்."

பின்னால் போகும் பொத்தானை அழுத்தினால் காலண்டர் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும். செயலி ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்த அன்றைய தேதி அப்படியே நிற்கும். கையெழுத்துப் போடும் முன் நான் விட்டுவிட்ட அரை நிமிடம் இதுதான். பேச்சியம்மாள் சொன்னதில் எனக்கு ஒரு தர்க்கப் பிழையும் தெரியவில்லை. முப்பது ஆண்டு இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன், பிழை முழுவதும் எங்களுடையது.

"கீழ வலது பக்க ஓரத்துல, ஒண்ணுமில்லாத எடத்துல தொடுங்க" என்றேன்.

வெள்ளையில் வெள்ளையாக மறைந்திருந்த 'சரி' பொத்தானைத் தொட்டார். காலண்டர் மூடியது. சரியான தேதி பதிவானது. அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லாத எடத்தத் தொடணும்னு யாரு சார் எனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

பால் ஊற்ற வந்திருந்த ஒருவர் கேனை இறக்கிவைத்துவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஒச்சப்பன் என்று பேச்சியம்மாள் சொன்னார்.

"ஏண்ணே, ஆப் சொன்ன தேதி வரைக்கும் பொறுத்துக்கன்னு எங்க மாட்டுக்கிட்ட யாரு சொல்றது? நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க. ஈத்துக்கு முன்னாடியே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல."

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அவுக பரவாயில்ல சார், மொகத்துக்கு நேரா கேக்குறாக" என்றார் பேச்சியம்மாள். "பதினஞ்சு ஊருல எனக்குப் பேரு இப்ப என்ன தெரியுமா? பொய்த்தேதிக்காரி. எங்க வீட்டுக்காரரு அண்ணன் மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, அந்தத் தேதிக்காரி வீடா இதுன்னு கேட்டுட்டுப் போறாக. வேல கெடக்கு. களையெடுக்கப் போனாலும் வயித்தக் கழுவிக்கிருவேன். இந்தப் பேரோட எப்படிப் போறது?"

போனை வாங்கி அந்த வெள்ளைத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

அலுவலகத்தில் நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாளை உங்களுக்கும் நடக்கும். பிரபாகர் படத்தைப் பார்த்தவுடன் சொன்ன முதல் வாக்கியம் இது: "அந்தக் காலண்டர் நம்ம ஸ்கிரீனே இல்லண்ணே. போனோட வர்றது."

"வீடு அவங்களது. வெள்ளையடிச்சது நாமதான?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதரல்ல. அன்று மாலைக்குள் காலண்டருக்கென்று தனியாக ஒரு நிறம் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். ஒட்டுமொத்தமாக ஒரே வரியில் சொல்வதற்குப் பதிலாக, கூப்பிடும் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் முதலிலேயே தீர்ந்திருக்கும். தொழில்நுட்பமாக நான் உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

சிக்கல், திருத்திய பதிப்போடு போக வேண்டிய குறிப்பில் வந்தது. இயக்குநர் அதில் 'சிறு திருத்தங்கள்' என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு சொற்களை எத்தனை செயலிகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் கீழே யார் யார் புதைந்திருக்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். குறை என்ன, எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் பதிவு தப்பாச்சு, எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுதுனா ஒப்பந்தம் போயிரும்ணே. அந்தம்மாவுக்கு வேற எங்கயாச்சும் வேல பாத்துக் குடுத்துருவோம். எதுக்கு எழுத்துல?"

"வேல போனா வேற வேல கெடைக்கும் தம்பி. பொய் எழுதுனான்னு ஒரு தாள்ல இருக்கு. அத இன்னொரு தாள்தான் அழிக்கும்."

"நீங்க கையெழுத்துப் போடாம நிக்கிற ஒவ்வொரு நாளும் அங்க தப்புத் தேதிதான் ஏறும். அதுக்கு யாரு பொறுப்பு?"

உள்ளே குத்திய கேள்வி அதுதான். பேச்சியம்மாள் இடத்தில் வேறொருவரை அனுப்பியிருந்தார்கள். அவரும் அதே வெள்ளைத் திரையில்தான் தொட்டுக்கொண்டிருந்தார். என் பிடிவாதத்துக்கு இன்னொரு கன்று பலியாவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இயக்குநர் முன்னாலேயே அந்தப் புதிய பணியாளரைப் போனில் கூப்பிட்டு, கைபேசியை டார்க் மோடுக்கு மாற்றச் சொன்னேன். 'சரி' என்ற பொத்தான் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரியுது சார். இம்புட்டு நாளா இது எங்க இருந்துச்சு?" என்றார் மறுமுனையில்.

போனை வைத்துவிட்டு, "இனி ஒரு வாரம் சண்டை போட நேரம் இருக்கு தம்பி" என்றேன்.

இயக்குநர் வேறு பக்கமாக வந்தார். "கையேடு நீங்க எழுதுனதுதானண்ணே? உங்க கையெழுத்து வேணும்ங்கிற பிரிவ மாத்திருங்க."

"மாத்தலாமே. மாத்துறதுக்குப் பிரிவு பதினாலு இருக்கு. முப்பது நாள் முன்னறிவிப்பு."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நடைமுறை தெரிந்தவனைப் பார்த்து அலுவலகங்கள் எப்போதும் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். விதி என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கட்டிப்போட எழுதிய கயிறு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு, இன்னொரு முனை நம் கையில் இருக்கிறது என்பதைப் படித்தவன்தான் தெரிந்துகொள்வான். பிரிவு பதினொன்று இப்படிச் சொல்கிறது: தரப் பிரிவின் தலைவர் கையெழுத்திட மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதன் நகல் வாடிக்கையாளருக்குச் செல்ல வேண்டும். வேண்டும் என்றுதான் இருக்கிறது, வேண்டுமானால் என்று இல்லை.

எழுதினேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில், நான் பார்க்காமல் கையெழுத்திட்டது. இரண்டாவதில், தை மாதத்தில் பேச்சியம்மாள் கொடுத்த புகாரும், நாங்கள் அதை முடித்த விதமும், சொல்லுக்குச் சொல். மூன்றாவதில், அந்த வெள்ளைத் திரையின் படம். கடைசி வரியில், பொய்யாகப் பதிந்தவர் என்று யாரையாவது நீக்கியே தீர வேண்டும் என்றால் என் பெயரில் தொடங்கலாம் என்று எழுதினேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் பால் நிறுவன முதலாளிக்கு அனுப்பினேன். மகனுக்கு அல்ல.

தபால் போய்விட்டது என்று தெரிந்ததும் இயக்குநர் குறிப்பை நான் சொன்னபடியே வெளியிட்டார். மறைக்க இனி ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், அவர் அதை நம்ப ஒரு மாதம் ஆனது. நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. அதன் பிறகு ஆலோசகராக வைத்துக்கொள்வதாக ஒரு பேச்சு இருந்தது. அது மறுபடி எழவே இல்லை. என்னைத் தைரியசாலி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். ஐந்து மாதத்தில் வெளியே போகிறவனுக்குத் தைரியம் மலிவு. முப்பது வயதில், வீட்டுக் கடனோடு, இதே தாளை நான் எழுதியிருப்பேனா என்று தெரியாது. உங்கள் வயதில் எழுதுகிறவர்தான் உண்மையில் எழுதுகிறார்.

பிறகு காத்திருப்பு. வைகாசியில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஆனியில் ஒரு வரி வந்தது. ஆடியில் ஒன்றும் வரவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை பேச்சியம்மாள் போன் செய்வார். வேலைக்காட்டில் இருந்து பேசுகிறார் என்று பின்னால் கேட்கும் குரல்களிலேயே தெரியும்.

"ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"இன்னும் இல்லம்மா. நெனவூட்டுக் கடிதம் போட்டிருக்கேன்."

"போடுங்க. அவுக எழுதுறதுக்கு நாளாகத்தான் செய்யும். எழுதுனது தப்புன்னு எழுதணும்ல."

மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றாவதில் முந்தைய இரண்டின் எண்களையும் மேற்கோள் காட்டியிருந்தேன். அலுவலகத்தில் சுற்றி நின்று சிரித்தார்கள்.

ஆவணியில் ஒரு நாள் மதியம் பேச்சியம்மாள் கூப்பிட்டார். குரலில் அவசரம் இல்லை. தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பதாகச் சொல்லி, மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல முழுவதையும் படித்துக் காட்டினார். பதிவுகளில் நேர்ந்த பிழைக்குக் களப்பணியாளர் காரணம் அல்ல. பொய்ப்பதிவு என்ற குறிப்பு கோப்பிலிருந்து நீக்கப்படுகிறது. மேற்கு வட்டாரத்தில் மீண்டும் பணியில் சேரலாம். இந்த உத்தரவின் நகலைப் பதினைந்து ஊர்ச் சேகரிப்பு மையங்களிலும் ஒட்ட வேண்டும். வருத்தம் தெரிவித்து ஒரு சொல்கூட இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"மேல என்ன தேதி போட்டிருக்கு?" என்று கேட்டேன். கடிதம் என்றால் முதலில் தேதியைக் கேட்பது என் பழக்கம்.

"ஆனி கடைசின்னு இருக்கு சார்."

ஆனி கடைசியில் எழுதிக் கையெழுத்தான கடிதம் இரண்டு மாதமாக யாருடைய மேசையிலோ கிடந்திருக்கிறது. அந்த இரண்டு மாதமும் அவர் அடுத்தவர் காட்டில் களையெடுத்திருக்கிறார். அவர்கள் கணக்கில் பதில் அப்போதே போய்விட்டது. நான் அதைச் சொன்னேன்.

"அவுக போட்ட தேதி அவுககிட்டயே இருக்கட்டும்" என்றார். "நீங்க எங்கயாச்சும் எழுதுனா, எங் கைக்கு வந்த தேதிய எழுதுங்க. கவருக்கு மேல நானும் எழுதிக்கிறேன். இந்தத் தேதிய நானே பாத்துப் பதியிறேன்."

எழுதுகிறேன். பேச்சியம்மாள் கைக்குப் பதில் வந்த தேதி, ஆவணி இருபத்தாறு, வியாழக்கிழமை.